மஞ்சளாற்றின் வண்ணக் கலங்கள்

வழியிலே உடைந்த பானை ஓடு ஒன்று கிடந்தால் அதனைக் காலால் ஒதுக்கிவிட்டு நடக்கின்றோம். பொன்னும் செம்பும் உருக்கப்பட்டு வேறு வடிவு பெறும். மரமும் துணியும் மக்கி மண்ணாகும். சுட்ட மண்ணோ உடைந்தாலும் அழியாது கிடக்கும். எழுத்தறியாக் காலத்து மக்களைப்பற்றி ஆராய்வோர் ஓட்டைத் தேடிச் செல்வது அதனாலேயே. ஆயினும், ஓட்டினிடம் எதனைக் கேட்பது என்பதிலே பெரிய அறிஞரும் தவறியதுண்டு. வடசீனத்தில் மஞ்சளாறு பாயும் நிலத்திற் கிடைத்த வண்ணந் தீட்டிய மட்கலங்களின் வரலாறு அத்தகையது. அவற்றைக் கண்டெடுத்தவர் முதலிற் கேட்ட வினா, இவை எங்கிருந்து வந்தன என்பதாகும். அவர் கண்ட விடை பிழையானது. அப்பிழையை முற்றாகத் திருத்த ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் சென்றன. அவ்வரலாற்றையும், அக்கலங்களையும் அவற்றைச் செய்தவர்களையும் பற்றி இன்று அறியக்கூடியவற்றையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

யோகான் குன்னார் அண்டர்சன் சுவீடன் தேசத்தவர், 1874ஆம் ஆண்டிற் பிறந்தவர், புவிச்சரிதவியல் வல்லுநர். தென்முனைப் பிரதேசத்தை ஆராயச் சென்ற ஒரு குழுவிற் சேர்ந்து, 1903இல் மாரிகாலம் முழுவதையும் இரு தோழர்களுடன் கல்லால் அடுக்கிய குடிசையிலே கழித்து உயிர்தப்பி வந்தவர். 1914இல் சீன அரசாங்கம் அவரைச் சுரங்க ஆலோசகராக அழைத்தது. இரும்புத் தாதும் நிலக்கரியும் எங்கே உள்ளன என்று கண்டு கூறுவது அவர் கடமை. நாட்டிலே அரசியற் குழப்பம் மிகுந்து, அப்பணிக்குப் பணமும் ஆதரவும் குறைந்தபோது, அவர் கருத்து வேறொன்றிற் சென்றது. சீன மருந்துக் கடைகளிலே திராகன் எலும்பு என்று ஒரு பொருள் விற்கப்படும். உண்மையில் அது தொல்விலங்குகளின் கல்லாய்ப்போன எலும்பு. அதனைச் சேகரிக்க அவர் பல திசைகளுக்கும் ஆள் அனுப்பினார். அவ்வாறு ஹெனான் மாகாணத்துக்குச் சென்ற லியூ சாங்ஷான் என்னும் உதவியாளர், 1920ஆம் ஆண்டின் இறுதியில், எலும்புகளோடு பல நூறு கற்கோடரிகளையும் கற்கத்திகளையும் கொண்டு வந்து சேர்த்தார். அவற்றுட் பெரும்பாலானவை யாங்ஷாவ் என்னும் ஒரே கிராமத்து மக்கள் தம் வயல்களிற் பொறுக்கியவை.

அடுத்த ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் அண்டர்சன் தாமே அவ்வூருக்குச் சென்றார். காற்றுக் கொணர்ந்து குவித்த நுண்ணிய மஞ்சள் மண் அப்பகுதியிலே பல அடி ஆழத்துக்குப் படிந்துள்ளது. மழைநீர் அதனை அறுத்துச் செங்குத்தான சுவர்களையுடைய பள்ளங்களை ஆக்கியிருக்கின்றது. அத்தகைய ஒரு பள்ளத்தின் சுவரிலே, சாம்பர் கலந்த மண்படையில், மெருகேற்றிய செந்நிற ஓடு ஒன்று அவர் கண்ணிற் பட்டது. அதன்மேற் கருநிறத்திலே கோலம் வரையப்பட்டிருந்தது.

மகிழ்ச்சி உண்டாகவேண்டிய அவ்விடத்தில் அவருக்கு ஏமாற்றமே உண்டாயிற்று. கல்லைத் தீட்டிக் கருவி செய்த மக்கள் இத்துணை நேர்த்தியான கலத்தை வனைந்திருக்கமாட்டார் என்று அவர் கருதினார். ஆகவே, இவ்வூர் கற்காலத்து ஊர் அன்று, தாம் தவறான தடத்திலே வந்துவிட்டோம் என எண்ணித் தம் பழைய வேலைக்குத் திரும்பினார். ஆனால் அவ்வோடு அவர் மனத்தை விட்டு அகலவில்லை. மீண்டும் ஒருநாள் அப்பள்ளத்துக்குச் சென்று பல மணி நேரம் தேடினார். மனிதர் கை படாது கிடந்த அதே சாம்பர்ப் படையினுள்ளே, தீட்டிய கல்லுளி ஒன்று அகப்பட்டது. உளியும் ஓடும் ஒரே காலத்தவை என்பதை இனி மறுக்க இயலாது. 1921ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், சீன அறிஞர் யுவான் ஃபூலி முதலியோருடன் அவர் அங்கே அகழ்வைத் தொடங்கினார். இக்காலச் சீனத் தொல்பொருளியல் அந்த அகழ்விலிருந்து பிறந்ததென அந்நாட்டவர் கொள்கின்றனர். 2021இல் அதன் நூற்றாண்டையும் கொண்டாடினர்.

இவ்வளவிலே அவரைப் பாராட்டாதிருக்க முடியாது. தம் கொள்கைக்கு மாறான ஒன்றைக் கண்டபோது மீண்டும் சென்று பார்த்தார். மண்படைக்கு மதிப்புக் கொடுத்தார். பின்னர் அவர் வழுவியதும் அம்மண்படையை விட்டு விலகிய இடத்திலேதான்.

பீக்கிங் நகருக்குத் திரும்பி நூல்களைப் புரட்டியபோது, பம்பெல்லி என்னும் அமெரிக்கரின் அறிக்கை ஒன்று அவர் கைக்கு எட்டியது. இன்று துருக்மெனிஸ்தான் எனப்படும் நாட்டிலே, அனாவு என்னுமிடத்தில், 1904இல் பம்பெல்லி அகழ்ந்தெடுத்த வண்ண ஓடுகள் அதில் விளக்கப்பட்டிருந்தன. கீவ் நகருக்கு அண்மையிலுள்ள திரிப்பொலியேயிலும் அவ்வகை ஓடுகள் முன்னரே கிடைத்திருந்தன. அங்கும் சுருள்வரி, இங்கும் சுருள்வரி. அங்கும் முக்கோணம், இங்கும் முக்கோணம். படங்களை அருகருகே வைத்து நோக்கிய அண்டர்சன், வண்ணந் தீட்டும் கலை மேற்கே தோன்றி, நடு ஆசியாவைக் கடந்து, மஞ்சளாற்றுக்கு வந்து சேர்ந்திருக்கலாம் என்று 1923இல் எழுதினார்.

அவர் இதனை முதலில் ஐயத்தோடேயே கூறினார். ஆனால் உலகம் அதனை ஐயமின்றி ஏற்றுக்கொண்டது. அதற்குக் காரணம் உண்டு. சீன நாகரிகம் பாபிலோனிலிருந்து வந்ததென லக்கூப்பெரி என்னும் பிரெஞ்சு அறிஞர் 1894இலேயே ஒரு நூல் எழுதியிருந்தார். சீனத்திலே கற்காலம் என ஒன்று இருந்ததில்லை என்று சாதித்தோரும் இருந்தனர். கற்காலமே இல்லாத நாட்டிற் கலையும் பயிர்த்தொழிலும் எங்ஙனம் தோன்றும்? யாரோ கொண்டுவந்திருக்கவேண்டும் அன்றோ? இவ்வாறு விடை முன்னரே ஆயத்தமாக இருந்தது. அதற்கு ஒரு சான்றுதான் தேவைப்பட்டது. அச்சான்றாக யாங்ஷாவ் ஓடு பயன்பட்டது. அக்காலச் சீனமோ வெளிநாட்டார் பலராற் பங்குபோடப்பட்டு, தன் பெருமையைத் தானே ஐயுற்றிருந்த நாடு. உங்கள் மூதாதையரின் பானைகூட இரவல் என்று சொன்னால் அந்நாட்டு இளைஞர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மேற்கிலிருந்து அக்கலை வந்திருப்பின் வந்த வழியிலே சுவடு இருத்தல் வேண்டும். இது நேர்மையான நியாயம். அதனைத் தேடி அண்டர்சன் 1923, 1924ஆம் ஆண்டுகளில் வடமேற்கே கான்சு மாகாணத்துக்கும் கோக்கோநோர் ஏரிப் பக்கத்துக்கும் சென்றார். அங்கே அவர் எதிர்பார்த்ததற்கு மேலாகவே கலங்கள் கிடைத்தன. யாங்ஷாவ் ஊரிற் கிடைத்தவை பெரும்பாலும் ஓடுகள். கான்சுவிலோ உடையாத தாழிகள், மார்பளவு அகன்ற சுருள்கள், செம்மையும் கருமையும் மாறிமாறி ஓடும் அலைகள். அவர் விலைகொடுத்து வாங்குகின்றார் என்ற செய்தி பரவவே, கிராமத்தவர் பழைய இடுகாடுகளைத் தோண்டத் தலைப்பட்டனர். பான்ஷான் மலையிலுள்ள புதைகுழிகளுக்கு அவர் சென்று சேருமுன் அவற்றுட் பல சிதைக்கப்பட்டுப்போயின. ஒரு பானை எந்த மண்ணில், எந்த எலும்பின் அருகே, எத்திசை நோக்கிக் கிடந்தது என்பது ஒருமுறை கலைந்தாற் கலைந்ததுதான்.

கான்சுவிற் கண்டவற்றை அவர் ஆறு பருவங்களாக வகுத்தார். எல்லாவற்றிற்கும் முந்தியதாகச் சிஜியா என்னும் ஊரிற் கிடைத்த கலங்களை வைத்தார். அவற்றில் வண்ணம் இல்லை. வண்ணந் தீட்டுமுன் வண்ணமில்லாக் கலம் இருந்திருக்கும் அல்லவா? கேட்பதற்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் இதற்கு மண்படையின் சாட்சி இல்லை. மனத்தின் ஊகமே சாட்சி.

சீன அறிஞர் வாளாவிருக்கவில்லை. 1926இல் லீ ஜி என்பவர் ஷான்சி மாகாணத்துச் சியின் கிராமத்தில் அகழ்வு நடத்தினார். சீனர் ஒருவர் தாமே தலைமை தாங்கி நடத்திய முதல் அகழ்வு அது. வண்ண ஓடுகள் ஏராளமாகக் கிடைத்த அவ்விடத்தில், கூரிய கருவியாற் பாதியாக வெட்டப்பட்ட பட்டுப்புழுக் கூடு ஒன்றும் அகப்பட்டது. அது பற்றிய வாதம் இன்றுவரை ஓயவில்லை. அது வேறு கதை. 1931இல் லியாங் சியோங் என்பவர், அன்யாங் நகரத்தின் அருகே ஹௌகாங் என்னும் மேட்டை அகழ்ந்தார். அங்கே மூன்று படைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அடியிலே யாங்ஷாவ் வண்ண ஓடு. அதன்மேல் லுங்ஷான் எனப்படும் கருநிறக் கலத்தின் ஓடு. எல்லாவற்றிற்கும் மேலே வரலாற்றுக் காலத்துச் ஷாங் அரசரின் சாம்பல்நிற ஓடு. கீழ்ப்படை மூத்தது, மேற்படை இளையது என்பது குழந்தையும் அறியும் நியாயம். ஆயினும் வண்ணக் கலத்துக்கும் சீன வரலாற்றுக்கும் இடையே படிக்கட்டு உண்டு என்பதை முதன்முதல் ஐயமறக் காட்டியது அந்த மேடுதான்.

அண்டர்சன் வகுத்த வரிசையை நேராகத் தகர்த்தவர் சியா நை. இலண்டனிற் பயின்று, எகிப்திலும் அகழ்வு செய்து திரும்பியவர் அவர். 1945இல் கான்சு மாகாணத்திலே, யாங்வாவான் என்னுமிடத்திற் சிஜியா மக்களின் புதைகுழிகளைத் திறந்தார். குழியை மூடிய மண்ணினுள்ளே வண்ணந் தீட்டிய ஓடுகள் சில கலந்து கிடந்தன. இதன் பொருளை நேயர்கள் சற்றுச் சிந்திக்கவேண்டும். சிஜியா மக்கள் தம் இறந்தோருக்குக் குழி தோண்டியபோதே அந்நிலத்தில் வண்ண ஓடுகள் குப்பையாய்க் கிடந்தன. வண்ணக் கலங்கள் செய்யப்பட்டு, புழங்கப்பட்டு, உடைந்து, எறியப்பட்டு, மண்ணோடு மண்ணாகிய பின்னரே அக்குழி தோண்டப்பட்டிருக்கிறது. ஆகவே, முதலாவது என்று வைக்கப்பட்ட சிஜியா உண்மையிலே பிந்தியது. கையகலமும் இல்லாத ஓடுகள் சில, ஆறு பருவத்து மாளிகையின் அத்திவாரத்தையே பெயர்த்துவிட்டன.

எஞ்சியவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1956, 1957ஆம் ஆண்டுகளில், மஞ்சளாற்றுக்குக் குறுக்கே சன்மென் அணை கட்டுமுன் நடந்த ஆய்வில், மியாவ்திகோவ் என்னுமிடத்திலே யாங்ஷாவிலிருந்து லுங்ஷானுக்கு மாறிச்செல்லும் இடைப்பருவம் ஒன்று வெளிப்பட்டது. இரண்டும் வெவ்வேறு மக்கள் கொண்டுவந்தவை என்ற கருத்து அதனோடு தளர்ந்தது. பின்னர்க் காபன்-14 முறையாற் கரியின் வயதை அளக்கும் ஆய்வுச்சாலை சீனத்தில் அமைந்தது. 1970களில் வெளிவந்த அளவைகளின்படி யாங்ஷாவ் காலம் கி.மு. 5000 முதல் கி.மு. 3000 வரை நீண்டது. கான்சுவின் அழகிய தாழிகளோ கி.மு. 3300 அளவிலே தொடங்கி, மேற்கே செல்லச் செல்ல இளமையாகிவந்தன. 1978 முதல் கான்சுவின் கிழக்கெல்லையில் அகழப்பட்ட தாதிவான் ஊரிலே, யாங்ஷாவுக்கும் பல நூற்றாண்டு முந்திய கலங்கள் கிடைத்தன. அவற்றில் விளிம்பைச் சுற்றிச் செந்நிறப் பட்டை ஒன்று மாத்திரம் தீட்டப்பட்டுள்ளது. வண்ணந் தீட்டும் வழக்கம் வெய் ஆற்றுப் பக்கத்திலேயே அரும்பி, வளர்ந்து, பின் மேற்கு நோக்கிப் பரவிற்று என்பது தெளிவாயிற்று. அண்டர்சன் கருதிய பாதை இருந்தது உண்மை. அதில் அக்கலை நடந்த திசைதான் நேர்மாறானது.

இங்கே ஒரு நிதானம் வேண்டும். ஒரு பக்கத்து மிகையைத் திருத்தப் போந்தோர் மறுபக்கத்து மிகையில் விழுவதுண்டு. தினையும் பனிவரகும் வடசீன மக்கள் தாமே பயிராக்கிய தானியங்கள். ஆனால் கோதுமையும் செம்மறியாடும் கி.மு. மூன்றாம் ஆயிரவாண்டளவில் மேற்கிலிருந்தே அங்குச் சென்றன. எதுவுமே வெளியிலிருந்து வரவில்லை என்று சாதிப்பதும் மண்படை சொல்லாத கதை. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் வரலாற்றைத் தனித்தனியே கேட்கவேண்டியிருக்கிறது.

அண்டர்சன் தம் பிழையை அறியாமல் இறந்தவரல்லர். 1943இல் வெளியிட்ட பெருநூலிலே தம் பழைய முடிவுகள் பலவற்றை மறுபரிசீலனை செய்தார்; மேல்நாட்டார்க்கு இயல்பான தற்பெருமை தம் கண்ணையும் மறைத்ததென ஒப்புக்கொண்டார். 1960இல் அவர் காலமானார். சீனத்திலே புரட்சிக்குப் பின் அவரை ஏகாதிபத்தியத்தின் கருவி என்று தூற்றிய காலம் ஒன்று இருந்தது. 1980களிலேதான் அவரை நடுநிலையோடு மதிக்கத் தொடங்கினர். அத்தூற்றல் முழுவதும் நியாயமன்று என்பது என் எண்ணம். அந்நாளில் ஆசியாவின் தொல்பொருள்களை அள்ளிச்சென்ற மேல்நாட்டார் பலர் ஒன்றையும் திருப்பித் தந்தவரல்லர். அண்டர்சனோ, கண்டவற்றை ஆய்வுக்காகச் சுவீடனுக்குக் கொண்டுசென்று, சரிபாதியைச் சீனத்துக்கு மீட்டளிப்பதென உடன்படிக்கை செய்து, அதன்படி நடந்தார். 1927 முதல் 1936 வரை ஏழு தடவை பெட்டிகள் திரும்பி வந்தன. 1937இல் நான்ஜிங் நகரிலே அவை காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதை அவர் தம் கண்ணாற் கண்டார். அவ்வாண்டிலேயே யப்பானியப் படை அந்நகரைத் தாக்கிற்று. அதன்பின் அக்கலங்களைக் கண்டார் இல்லை. ஸ்தொக்கோம் நூதனசாலையிலுள்ள பாதி இன்றும் இருக்கின்றது. தாய்நாட்டுக்குத் திரும்பிய பாதி மறைந்துபோயிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், பேய்ஜிங்கிலுள்ள புவிச்சரித நூதனசாலையின் களஞ்சிய அறையைச் சீர்செய்தபோது, கலங்களும் ஓடுகளும் கொண்ட சில பெட்டிகள் வெளிவந்தன. பெரும்பகுதி இன்னும் கிடைக்கவில்லை.

இனிக் கலங்களிடமே வருவோம். எங்கிருந்து வந்தன என்ற வாதத்திலே மூழ்கியவர்கள், இவற்றை யார், எவ்வாறு, எதற்காகச் செய்தனர் என்று கேட்க நெடுங்காலம் மறந்துவிட்டனர்.

யாங்ஷாவ் மக்கள் விரைந்து சுழலும் திகிரியை அறியார். மண்ணைக் கயிறுபோல் உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, கையால் இழைத்துக் கலத்தை எழுப்பினர். மெல்லத் திருப்பக்கூடிய ஒரு பலகைமேல் வைத்து வாயை ஒழுங்குபடுத்தினர். ஓரளவு உலர்ந்ததும் மழமழப்பான கல்லால் தேய்த்து மெருகிட்டனர். அதன்பின்னரே வண்ணம். சிவப்புக்கு இரும்புக் காவி; கறுப்புக்கு இரும்பும் மங்கனீசும் கலந்த மண். சூளையிலிடுமுன் தீட்டியபடியால் அது நெருப்பிலே கலத்தோடு கலமாய் ஊறிவிட்டது. ஆறாயிரம் ஆண்டாகியும் கழுவினாற் போகாது. சூளையின் வெப்பம் சதம அளவையில் 900 பாகை முதல் 1000 பாகை வரை சென்றிருக்கின்றது. ஷென்சி மாகாணத்து ஜியாங்ஜாய் ஊரில் 1970களில் நடந்த அகழ்விலே, ஒருவருடைய புதைகுழியில், வண்ணம் அரைக்கும் கல், அதன் மூடி, அரைக்குங் குழவி, நீர்க் கிண்ணம், சில வண்ணக் கட்டிகள் ஆகியவை ஒருங்கே கிடைத்தன. தூரிகை மாத்திரம் இல்லை. மயிரும் மரமும் மண்ணில் நில்லா. ஆயினும் கோடுகளின் தடிப்பும் மெலிவும் தூரிகை பிடித்த கையையே காட்டுகின்றன. இறந்தபின்னும் பிரியலாகாதெனத் தம் கருவிகளோடு அடக்கஞ் செய்யப்பட்ட அந்த ஓவியரின் பெயரை நாம் அறியோம்.

ஓர் ஊரிற் கிடைக்கும் கலங்கள் எல்லாம் வண்ணக் கலங்கள் என்று எண்ணிவிடக் கூடாது. சோறாக்கவும் தானியம் சேர்க்கவும் பயன்பட்டவை மணல் கலந்த முரட்டுப் பானைகள். அவையே மிகப் பல. வண்ணந் தீட்டியவை சிலவே. கான்சுத் தாழிகளில் மேற்பாதிக்கு மாத்திரம் கோலம் உண்டு, கீழ்ப்பாதி வெறுமையாயிருக்கும். இது சோம்பலன்று. நிலத்திலே அமர்ந்து புழங்கும் மக்களுக்குத் தாழியின் கீழ்ப்பாதி கண்ணிற் படுவதில்லை. நூதனசாலையிலே கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே நின்று பக்கவாட்டில் நோக்கும் நமக்கு அதன் முழு அழகு தெரியாது. மேலிருந்து குனிந்து பார்த்தால், வாயை நடுவாகக் கொண்டு, சுருள்கள் இதழ் விரித்த மலர்போலச் சுற்றி நிற்கும். பான்ஷான் தாழிகளிலே வாட்பல் போன்ற ஒரு கரை காணப்படும். அதனைச் சாவின் குறி என்றும், இறந்தோர் கலங்களுக்கே உரியதென்றும் அண்டர்சன் கூறினார். பின்னர் அதே கரை வீட்டுக் குப்பையிலும் கிடைத்தது.

மீன், மான், தவளை, பறவை ஆகியவற்றின் வடிவங்களும் உண்டு. வரைந்து வரைந்து கைபழகி, மீன் நாளடைவில் வெறும் முக்கோணமாக மாறிச்செல்வதையும் ஓடுகளை வரிசைப்படுத்திக் காட்டியுள்ளனர். 1973இல், சிங்ஹாய் மாகாணத்திலே கிடைத்த ஒரு கிண்ணத்தின் உட்புறத்தில், ஐவர் ஐவராக மூன்று கூட்டத்தார் கைகோத்து ஆடுகின்றனர். நீர் நிரப்பினால், குளக்கரையிலே ஆடுவதுபோல் இருந்திருக்கும். 1978இல், ஹெனான் மாகாணத்து யென்கிராமத்திற் கிடைத்த, ஒன்றரை அடி உயரமான தாழியிலே, மீனைக் கவ்விய நாரை ஒன்றும், அதன் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் கற்கோடரி ஒன்றும் வரையப்பட்டுள்ளன. நாரைக் குலத்தார் மீன் குலத்தாரை வென்ற செய்தி அது என்பர் சிலர். இருக்கலாம். அன்றி, நாரை மீனைப் பிடித்ததை ஒருவர் ஆற்றங்கரையில் நின்று பார்த்தும் இருக்கலாம். நாட்டைவிட்டு வெளியே காட்சிக்கு அனுப்பலாகாதெனச் சீன அரசாங்கம் 2002இல் விலக்கிய அரும்பொருள்களுள் அத்தாழியும் ஒன்று.

இறுதியாகப் பான்போ. சியான் நகரத்தின் கிழக்கே, சான் ஆற்றங்கரையில், 1953இற் கட்டட வேலையின்போது இவ்வூர் வெளிப்பட்டது. ஷீ சிங்பாங் தலைமையில் 1954 முதல் 1957 வரை அகழ்ந்தனர். வீட்டுத் தரைகள், அடுப்புகள், சூளைகள், தினை வைத்த குழிகள், ஊரைச் சுற்றிப் பதினாறு அடிக்கு மேல் ஆழமான அகழி ஆகிய யாவும் கிடைத்தன. முன்னர் யாங்ஷாவ் என்றால் ஓடு. பான்போவுக்குப்பின் அது ஓர் ஊர். கிண்ணங்களின் கரிய விளிம்புகளிலே கீறப்பட்ட குறிகளும் கிடைத்தன; நூற்றுக்கு மேற்பட்ட ஓடுகளில் இருபதுக்கு மேற்பட்ட வகைகள். எழுத்தின் தொடக்கம் இதுவே என்று துணிந்தாரும் உளர். வனைந்தவர் இட்ட அடையாளமே என்று மறுத்தாரும் உளர். அந்த இடத்தின்மேலேயே கூரை அமைத்து 1958இல் நூதனசாலை ஆக்கினர்.

பான்போவிலே பெரியோரின் இடுகாடு அகழிக்கு வெளியே உள்ளது. குழந்தைகளை அவ்வாறு வெளியே கொண்டுசெல்லவில்லை. தாழியிலே வைத்து, வீடுகளின் அருகிலேயே புதைத்தனர். எழுபதுக்கு மேற்பட்ட தாழிகள் அகப்பட்டன. நம்மவர்க்கு முதுமக்கட்டாழி நினைவுக்கு வரும்; ஆனால் காலத்தாலும் இடத்தாலும் இரண்டும் மிகத் தொலைவானவை. ஒப்புமை கண்டவுடன் உறவு கட்டிய கதையை இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு நாமும் அதனைச் செய்தல் தகாது.

அத்தாழிகளுக்கு மூடியாகக் கவிழ்த்தவை வீட்டுக் கிண்ணங்கள். அவற்றுள் ஒன்றின் படத்தை வானொலியிலே காட்ட இயலாது; சொல்லிப் பார்க்கின்றேன். வாயகலம் ஏறக்குறையப் பதினாறு அங்குலம், செந்நிறம், உட்புறத்திலே கரிய வண்ணம். வட்டமான ஒரு மனித முகம். கண்கள் கிடைக்கோடாய் மூடியிருக்கின்றன. தலையிலே கூம்பிய அணி. வாயின் இரு மருங்கிலும் இரு மீன்கள்; காதுகளின் அருகே இரு சிறு மீன்கள். முகத்துக்கும் முகத்துக்கும் இடையே பெரிய மீன் ஒன்று நீந்துகின்றது. குலக்குறி என்றும், பூசாரியின் முகமூடி என்றும், மீன்போல் மக்கள் பெருகவேண்டுமென்ற வேண்டுதல் என்றும் பலவாறு எழுதியுள்ளனர். எழுதியவர் எவரும் அவ்வூரில் வாழ்ந்தவரல்லர்.

அக்கிண்ணம் தாழியின்மேற் கவிழ்க்கப்பட்டபோது அந்த முகமும் மீன்களும் உள்ளே இருந்த குழந்தையை நோக்கியிருந்தன. கிண்ணத்தின் அடியிலே, அதாவது கவிழ்த்தபின் உச்சியிலே, சிறிய துளை ஒன்று இருக்கின்றது. தாழி மூடிகள் பலவற்றில் அத்துளை உண்டு. உயிர் போய்வருவதற்கு விட்ட வழி என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கருத்து. நீர் வைத்துப் புழங்கிய நல்ல கிண்ணத்தைத் துளையிட்டால் பின்னர் அது எதற்கும் உதவாது. அதனை அறிந்தே துளையிட்டு, கவிழ்த்து, வீட்டின் பக்கத்திலே மண்ணை மூடியிருக்கின்றனர்.